கயாக் கவிழ்ந்த பிறகு

முட்டுக்காட்டு உப்பங்கழி, காரங்காட்டு அலையாத்திக் காடு, கோவளம் கடற்கரை என்று தமிழகத்தில் கயாக் ஓட்டக் கிடைக்கும் இடங்கள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. துடுப்பைக் கையில் வாங்குமுன் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நீச்சல் தெரிய வேண்டுமா என்பது. வழக்கமாகக் கிடைக்கும் பதில், தேவையில்லை, லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்பது. கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் வியாபாரம். அந்தப் பதில் முழுப் பொய் அல்ல. ஆனால் அதில் விடுபட்டுப்போகும் பகுதிதான் ஆளைக் கொல்லக்கூடிய பகுதி. நீச்சல் என்றால் கரைவரை நீந்திப் போகும் திறமை என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால், கரை தூரமாக இருந்தால் எப்படியும் நீந்த முடியாது, பக்கத்தில் இருந்தால் நீந்தவே வேண்டாம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். கயாக்கில் நீச்சல் தேவைப்படுவது வேறொரு வேலைக்கு. கவிழ்ந்த கணத்தில் மூச்சைக் காத்துக்கொள்ள, படகை விடாமல் பிடித்துக்கொள்ள, அதில் மறுபடி ஏறி உட்கார. இந்த மூன்றையும் எந்த ஜாக்கெட்டும் நமக்காகச் செய்து தராது.

இதற்கான முதல் சான்று ஜாக்கெட்டிலேயே இருக்கிறது. உலகெங்கும் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ 12402 என்னும் தரநிலை, மிதவை அங்கிகளை அவற்றின் மிதப்பு விசையை வைத்து வகைப்படுத்துகிறது: 275, 150, 100, 50 நியூட்டன். நடுக்கடலில் கனத்த உடையோடு வேலை செய்பவர்களுக்கு 275. மயங்கிக் கிடப்பவரையும் முகம் மேலே வரும்படி புரட்டக்கூடியது 150. கயாக் ஓட்டுபவர்கள் அணிவது பெரும்பாலும் கடைசி வகை, அதாவது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும் 50 நியூட்டன் அங்கி. இந்த வகை யாருக்கானது என்று தரநிலை தெளிவாகச் சொல்லிவிடுகிறது: நீந்தத் தெரிந்தவர்களுக்கு, அதுவும் கரைக்கு அருகிலோ உதவி எட்டும் தொலைவிலோ இருப்பவர்களுக்கு. மயங்கியவரை இது புரட்டிப் போடாது. கயாக்கில் ஏன் இதை அணிகிறார்கள் என்றால், துடுப்புப் போடத் தோளும் கையும் தடையின்றி அசைய வேண்டும். கனமான அங்கியை மாட்டிக்கொண்டு துடுப்புப் போடுவது சிரமம். கயாக் அங்கியை வடிவமைத்தவர்கள், அணிபவருக்கு நீந்தத் தெரியும் என்று நம்பித்தான் அதன் கனத்தைக் குறைத்தார்கள். அதே அங்கியை நீந்தத் தெரியாதவருக்கு மாட்டிவிட்டு, இனி நீச்சல் வேண்டாம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக ஜாக்கெட்டின் அருமையைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை பொழுதுபோக்குப் படகு விபத்துகளைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, இறப்பின் காரணம் தெரிந்தவர்களில் 75 விழுக்காட்டினர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். முந்தைய ஆண்டுக் கணக்கும் ஏறத்தாழ இதேதான். இந்த எண்களைப் பார்க்கும் எவரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி: அப்படியானால் ஜாக்கெட்தானே முக்கியம், நீச்சல் எங்கே வந்தது? ஜாக்கெட்தான் முதலில். நீச்சலில் பதக்கம் வாங்கியவரும் அதை அணியாமல் கயாக்கில் ஏறக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கு மூழ்குவதைப் பற்றியது. ஒருவர் மூழ்காமல் மிதக்கிறார் என்பதோடு விபத்து முடிந்துவிடுவதில்லை. ஆழத் தண்ணீரில் மிதந்துகொண்டு, வாயில் அலை அடிக்க, படகு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னும் விபத்துக்குள்தான் இருக்கிறார்.

அந்தச் சில நிமிடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நம் ஊரில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகள். நம் கட்டுமரத்தைப் போல இவற்றுக்கும் உள்ளறை கிடையாது; மேலே விழும் தண்ணீர் துளைகள் வழியாக வடிந்துவிடும்; கவிழ்ந்தாலும் மூழ்காது. அதனால் இவை பாதுகாப்பானவை என்று சொல்வது சரிதான். ஆனால் கவிழ்ந்ததில் மீண்டும் ஏறுவது எப்படி என்று பாருங்கள். முதலில், குப்புறக் கிடக்கும் படகின் மேல் எம்பி, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்து அதை நிமிர்த்த வேண்டும். பிறகு இருக்கைக்கு நேராக நின்று, இல்லை, மிதந்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னால் நீட்டிப் பலமாக அடிக்க வேண்டும். உடம்பு தண்ணீர்மட்டத்துக்குக் கிடையாக வரும்வரை அடிக்க வேண்டும். அப்போது ஒரே இழுப்பில் வயிறு படகின் குறுக்கே விழும்படி ஏறி, புரண்டு உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்துப் போட வேண்டும். எல்லாம் அந்தக் கால் அடியில்தான் இருக்கிறது. நீச்சல் பழகியவருக்கு அது யோசிக்காமல் வரும். பழகாதவரின் உடம்பு தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கும். படகைப் பிடித்து இழுத்தால் கால்கள் படகுக்கு அடியில் போய்விடும். கையின் பலத்தை மட்டும் நம்பித் தொங்கினால் விளிம்பு சாய்ந்து, நிமிர்த்திய படகு அவர் தலைமேலேயே மறுபடி கவிழும். இப்படி இரண்டு மூன்று தடவை முயன்றவருக்குத் தோளில் பலம் இருக்காது, நெஞ்சில் தைரியமும் இருக்காது. ஜாக்கெட் சரியாக இருந்தும் கையாலாகாத நிலைக்கு ஒருவர் வந்து சேர்வது இப்படித்தான்.

உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றித் துணி மூடியை இறுக்கிக்கொள்ளும் கயாக் இன்னும் கடினமானது. அது கவிழ்ந்தால் ஓட்டுபவர் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவார். மூக்கில் தண்ணீர் ஏறும். அந்த நிலையில் முன்பக்கம் குனிந்து, மூடியின் முன்னால் இருக்கும் வளையத்தைத் தேடிப் பிடித்து இழுத்து, இடுப்பைத் தள்ளி வெளியே வர வேண்டும். செய்து பழகியவருக்குச் சில விநாடி வேலை. முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்திப் பழக்கமில்லாதவருக்கு அந்தச் சில விநாடியில் கை வளையத்தைத் தேடாது. மேலே எதையாவது பற்றத் துழாவும். இங்கே வேண்டியது வேகமாக நீந்தும் திறமையே இல்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து, மூச்சை அடக்கி, அடுத்து என்ன என்று யோசிக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் நீச்சல் கற்றுக்கொள்வதில்தான் வருகிறது. வாயால் விளக்கி வரவழைக்க முடியாது.

பதற்றம் ஒருவரோடு நிற்பதும் இல்லை. தண்ணீரில் பயந்தவர் கைக்கு எட்டியதைப் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார். உதவிக்கு வரும் அடுத்த கயாக்கின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் அதுவும் கவிழும். இரட்டைக் கயாக்கில் கணவன் மனைவியாகப் போகும்போது ஒருவருக்கு நீந்தத் தெரிந்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரிந்தவர், தெரியாதவரின் பிடியிலிருந்து முதலில் தன்னைக் காத்துக்கொண்டு, பிறகு அவரைப் படகில் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இனி எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், கவிழ்ந்தால் கரைக்கு நீந்தி வந்துவிடுவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நீச்சல் தெரியாதவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நீச்சல் குளத்தில் 50 மீட்டரை ஒன்றரை நிமிடத்தில் கடப்பவர் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். சட்டையும் ஜாக்கெட்டும் சேர்ந்தால் அதுவும் குறையும். எதிரே நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் இருந்தால் அவர் நீந்திக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பார். கடற்கரையில் அலை உடைந்து திரும்பும் இடங்களில் உருவாகும் இழுவை ஓட்டம் சில சமயம் விநாடிக்கு 2.4 மீட்டர்வரை போகும் என்கிறது அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு நிறுவனம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அது விநாடிக்கு 2.2 மீட்டருக்கும் குறைவு. கடலை வேகத்தால் வெல்ல நினைப்பது எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டியதில்லை.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் காலை நேரத்துத் தரைக்காற்றும், தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சானும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றன. அப்போது கரையோரம் அலை அடங்கிக் கடல் சாதுவாகத் தெரியும். புதியவர்கள் துணிந்து இறங்குவதும் அப்படிப்பட்ட காலையில்தான். ஆனால் கவிழ்ந்த வெற்றுக் கயாக் தண்ணீருக்கு மேல் லேசாக மிதப்பதால் காற்று அதை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போகும்; கையை விட்டுச் சிறிது நேரம் ஆனால் நல்ல நீச்சல்காரராலும் எட்டிப் பிடிக்க முடியாது. மீனவர்களுக்கு, நீவாடு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டமும் காற்றும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பது தொழிலின் முதல் பாடம். கயாக் வாடகைக்கு எடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே நீச்சல் தெரிந்தவருக்கான விதியும் எளிது: கவிழ்ந்தவுடன் படகைப் பிடி, விடாதே. தேடி வருபவர்களின் கண்ணுக்கு அலைகளுக்கு நடுவே ஒரு தலை தெரியாது. நிறமடித்த படகு தெரியும்.

நீச்சலுக்கு எல்லை உண்டு என்பதை மிகக் கொடூரமாக உலகுக்குக் காட்டியது இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 அன்று நடந்த விபத்து. பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் 8 பேர், அவர்களின் ஆசிரியர் ஒருவர், பயிற்சியாளர்கள் இருவர் லைம் ரீஜிஸிலிருந்து பக்கத்து ஊரான சார்மத்துக்குக் கயாக்கில் கிளம்பினார்கள். கரையை ஒட்டிய சிறு தூரம்தான். புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆசிரியரின் கயாக் கவிழ, ஒரு பயிற்சியாளர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்றவர்கள் காற்றில் கடலுக்குள் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுடைய கயாக்குகளில் அலை புகாமல் தடுக்கும் மூடிகள் இல்லை. ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரம்பி மூழ்கின. மதியத்துக்குள் திரும்ப வேண்டியவர்களை மாலையில்தான் ஹெலிகாப்டர்கள் தூக்கின. 4 மாணவர்கள் இறந்துபோனார்கள். குளிர்காப்பு உடையும் லைஃப் ஜாக்கெட்டும் அவர்களிடம் இருந்தன. பயிற்சியாளர்களுக்கு அந்தக் கடலுக்கு ஏற்ற தகுதி இல்லை. ஆபத்தை அறிவிக்கும் ஒளிச் சைகை எதுவும் கொண்டுபோகவில்லை. அந்த மையத்தின் பாதுகாப்புக் குறைகளை அங்கே முன்பு வேலை பார்த்த பயிற்சியாளர்கள் எழுத்தில் எச்சரித்திருந்தார்கள் என்பதும் வெளிவந்தது. 1994இல் மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் இயக்குநரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனம் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டே, இளையோருக்கான சாகச மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இந்தக் குழந்தைகளை நீச்சல் காப்பாற்றியிருக்குமா? இல்லை என்றே சொல்ல வேண்டும். அவர்களைக் கொன்றது மார்ச் மாதத்துக் கடலின் குளிரும் பெரியவர்களின் அலட்சியமும். குளிர்ந்த நீரில் நீச்சல் எப்படிச் செயலிழக்கிறது என்பதை பிரிட்டன் உடலியல் அறிஞர் மைக்கேல் டிப்டனும் அவருடைய குழுவும் சோதித்து 1999இல் ‘தி லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். நல்ல நீச்சல்காரர்கள் 10 பேர், ஒன்றரை மணி நேரம் நீந்தும் சோதனை. 25 டிகிரி நீரில் 10 பேரும் முடித்தார்கள்; 18 டிகிரியில் 8 பேர்; 10 டிகிரியில் 5 பேர் மட்டுமே. உடம்பின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு விழுவதற்கு முன்பே கைகள் விறைத்து, வீச்சு குறுகி, உடம்பு செங்குத்தாகிவிடுகிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதையே பொதுமக்களுக்குப் புரியும் கணக்காகச் சொல்லிவருகிறார்: பனிக்குளிர் நீரில் விழுந்தால் மூச்சைச் சீராக்கிக்கொள்ள 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கும் காலம் 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒண்டாரியோவில் மே மாத வெயில் நம் ஊர் மார்கழியைவிட இதமாகத்தான் இருக்கும். ஏரித் தண்ணீரோ அப்போதுதான் பனி உருகியது. அங்கே வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும். வங்காள விரிகுடாவில் இந்தக் குளிர் நமக்கு இல்லை என்பது பெரிய வரம். அதன் பொருள், நம் கடலில் கவிழ்ந்தவருக்கு நீச்சலைப் பயன்படுத்த நேரம் கிடைக்கிறது என்பது. ஐரோப்பியருக்குப் பத்து நிமிடத்தில் பறிபோகும் திறமை நமக்கு மணிக்கணக்கில் கைகொடுக்கும். அந்தத் திறமையே இல்லாமல் இறங்குவது, நமக்குக் கிடைத்த ஒரே அனுகூலத்தையும் வீணாக்குவது.

தண்ணீர் ஆழமே இல்லையே என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் இன்னொரு சமாதானம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் பல வாய்க்கால்கள் இடுப்பளவு, மார்பளவுதான். ஆனால் கவிழ்ந்தவர் கால் ஊன்றப் போவது தரையில் இல்லை, சேற்றில். முழங்கால்வரை புதைந்த காலைப் பிடுங்க முயலும்போது உடம்பு முன்னால் சாயும். முகம் தண்ணீருக்குள் போகும். சுரபுன்னை வேர்களுக்கு இடையில் கால் மாட்டுவதும் உண்டு. ஓடும் ஆற்றில் இது இன்னும் மோசம். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னாலிருந்து வரும் நீரின் வேகம் ஆளை முன்னால் மடக்கி அமிழ்த்திவிடும். கங்கையில் ரிஷிகேஷ் பக்கம் படகு ஓட்டுபவர்கள் முதலில் சொல்லித் தருவது, விழுந்தால் எழுந்து நிற்காதே, மல்லாந்து படு, பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டு என்பதைத்தான். அப்படி மல்லாந்து படுக்கத் தெரிவதும் நீச்சலின் பாடம்தான். தடுப்பணைகளின் அடியில் விழும் நீர் திரும்பச் சுழன்று அணையை நோக்கியே இழுக்கும். அங்கே நீச்சலும் ஜாக்கெட்டும் சேர்ந்தும் போதாது. கயாக் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்படியென்றால் எவ்வளவு நீச்சல் தெரிந்தால் போதும்? இங்கேதான் நம் நீச்சல் வகுப்புகளிடமும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. குளத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஃப்ரீஸ்டைலில் போகக் கற்றுக் கொடுக்கிறோம். ஆழமான இடத்தில் எதையும் பிடிக்காமல் ஐந்து நிமிடம் சும்மா இருக்கக் கற்றுக் கொடுப்பதில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நீர்த்திறன் என்று வரையறுப்பது ஐந்து செயல்களை. தலைக்கு மேல் ஆழமான நீரில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, முழுவட்டம் திரும்பி வெளியேற வழி பார்ப்பது, 25 கெஜம் நீந்துவது, ஏணியின் உதவியில்லாமல் வெளியே ஏறுவது. இதில் வேகம் எங்கும் இல்லை. கடைசிச் செயல், கயாக்கில் ஏறுவதற்குத் தேவையான அதே அசைவு. பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்என்எல்ஐ சில ஆண்டுகளாக ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது: எதிர்பாராமல் நீரில் விழுந்தால் உடனே நீந்தாதே, முதலில் மல்லாந்து மித, மூச்சு சீரானதும் யோசி. குளத்தில் நூறு மீட்டர் போகிற பிள்ளையையும் ஒருநாள் சட்டை, பேன்ட்டோடு இறக்கி, ஜாக்கெட் மாட்டி, மல்லாந்து மிதக்கவும் கைகளால் மட்டும் துழாவி நகரவும் சொல்லிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் அணிந்த உடம்பு குளத்தில் பழகிய உடம்பு மாதிரி நடந்துகொள்ளாது. குப்புற நீந்த வராது, தோள்பட்டி தளர்வாக இருந்தால் அங்கி காதுவரை ஏறி வாயை மூடும். இவையெல்லாம் கரையில் நின்று பட்டியைப் பூட்டும்போது தெரியாதவை.

நீச்சல் தெரியாதவர்களைக் கயாக்கிலிருந்து விலக்கினால் யாரை விலக்குகிறோம் என்பது நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானதும் இதுதான். கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள் பெரும்பாலும் பையன்கள். பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் குளத்துப் பக்கம் போவதே நின்றது. இன்று கிணறுகளும் வற்றிவிட்டன. நகரத்து நீச்சல் குளங்களுக்குக் கட்டணம் உண்டு, பெண்களுக்கென ஒதுக்கும் நேரமோ குறைவு. ஆக, நீச்சல் கட்டாயம் என்று பலகை வைத்தால் பெண்களும் ஏழைகளும்தான் வாசலில் நிற்பார்கள். இதை மறுக்க முடியாது. ஆனால் நீச்சல் தெரியாததற்கும் ஒரு விலை உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். அவர்களில் கயாக்கைக் கண்ணால் பார்த்தவர்களே மிகக் குறைவாக இருப்பார்கள். வாசலைத் திறந்துவிட்டு உள்ளே ஆபத்தை வைத்திருப்பது நீந்தத் தெரியாதவர்களுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. கற்றுக் கொடுப்பதுதான் உபகாரம்.

அதைச் செய்ய ஒலிம்பிக் குளம் வேண்டாம் என்று காட்டியிருக்கிறது வங்கதேசம். அங்கே ‘ஸ்விம்சேஃப்’ திட்டத்தில் ஊர்க் குளத்தில் மூங்கில் மேடை கட்டி, 4 வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குப் பிழைக்கத் தேவையான நீச்சலைக் கற்றுத் தருகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. கற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்ததாக 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. எத்தனை குறைந்த நீச்சல், எத்தனை பெரிய வித்தியாசம்! நம் ஊராட்சிக் குளங்களில் ஏன் இது இன்னும் தொடங்கவில்லை என்று கேட்க வேண்டியது பெற்றோர் மட்டும் அல்ல.

அதுவரை கயாக் ஆசையோடு வருபவரை என்ன செய்வது என்பதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்கச் சாரணர் இயக்கம் யாரையும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. திறமையைப் பார்த்துப் படகைப் பிரிக்கிறது. ஆழ நீரில் குதித்து, 75 கெஜம் நீந்தி, அடுத்த 25 கெஜம் களைப்பாற மல்லாந்து நீந்தி, பிறகு அசையாமல் மிதந்து காட்டுபவருக்குத்தான் தனிப் படகு. அந்தச் சோதனையில் தேறாதவர், கவிழ வாய்ப்புக் குறைந்த அமைதியான நீரில், அந்தப் படகை ஓட்டத் தெரிந்த, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு சேர்ந்து போகலாம். நம் படகுத்துறைகளும் சாகச நிறுவனங்களும் இதை நாளைக்கே தொடங்கலாம். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பழைய கயாக், பக்கத்தில் ஒரு வழிகாட்டி, ஆளுக்குப் பத்து நிமிடம். ஜாக்கெட்டோடு முகத்தை அமிழ்த்தி எடுக்கட்டும், ஒரு நிமிடம் மல்லாந்து கிடக்கட்டும், படகை வேண்டுமென்றே கவிழ்த்து வழிகாட்டியின் துணையோடு ஒரு தடவை ஏறட்டும். ஜாக்கெட் தளர்வா, குழந்தைக்குப் பெரியவர் அளவை மாட்டியிருக்கிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பயணிகள் நனைய விரும்ப மாட்டார்கள், நேரம் வீணாகிறது என்பார்கள் என்று நடத்துபவர்கள் தயங்கலாம். அந்தப் பத்து நிமிடத்தை வாடகை நேரத்தில் சேர்க்காமல் இலவசமாகக் கொடுத்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீரும். ஏற முடியாதவருக்கு இரட்டைக் கயாக்கும் பின்னிருக்கையில் வழிகாட்டியும். அவருக்கான எல்லை உப்பங்கழியின் மறைவான பகுதி. முகத்துவாரத்தைத் தாண்டுவதும் கடலில் இறங்குவதும், மேற்குக் காற்று அடிக்காத நாளில், தாமாகவே ஏறிக் காட்டியவர்களுக்கு மட்டும்.